பக்கவாசல் படிக்கல்

மழை ஓய்ந்த முதல் செவ்வாய்க்கிழமை, நண்பகல் ஜெபம் முடிந்து ஊர் கண்ணைத் திறந்தபோது, மலைக்கோயில் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. பீடத்தில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தி அணையவில்லை. தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் அலம்பவில்லை. மணிக்கூண்டு, குவிமாடம், பன்னிரண்டு தூண்கள் எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க, இருநூற்றுப் பதினேழு படிகளில் மேல்படி மட்டும் கோயிலுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. இதை முதலில் கவனித்தவர் கோயில் கொத்தனார். அந்தப் படிகளை எண்ணுவதுதான் அவருக்குப் பிழைப்பு.

யாத்திரைக்காரர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அந்த மலையை முழங்காலால் ஏறுகிறார்கள். முழங்கால் பட்டுப் பட்டுக் கல் குழிந்துபோகும். குழிந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டிப் போட்டால் தேயாத அடிப்பக்கம் மேலே வந்துவிடும். இன்னும் இருபது வருடத்துக்குக் கவலையில்லை. கொத்தனாரின் அப்பா புரட்டிப் போட்ட கல்லை இவர் குழியைக் கொத்திச் சமமாக்கி மறுபடி புரட்டியதும் உண்டு. அதனால் ஊரில் அவருக்குக் கல்புரட்டி என்று பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

ஒரு கோயில் இறங்கி வந்ததற்கு அந்தப் பகுதியில் யாரும் கூச்சல் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கே அப்படி. சுண்ணாம்புப் பாறை மலைகள், நடுவே ஒரு வறண்ட ஆறு, இரண்டு கரையிலும் நாற்பது கோயில்கள். ஒன்றைப் பாறைக்குள் கீழ்நோக்கிக் குடைந்திருந்தார்கள். அதன் கூரை தரைமட்டத்தில் இருந்ததால் ஆடுகள் அதன்மேல் நடந்து போகும், உள்ளே பாடல் நடக்கும். இன்னொன்று செங்குத்தான மலைமுகத்தில் குகையாக இருந்தது. கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். எண்பது வயதுத் துறவி ஒருவர் அதில் ஏறி முப்பது வருடமாக இறங்கவில்லை. மூன்றாவது ஒன்றின் சுவர் கோடையில் மட்டும் வியர்க்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கோயில் ஒரு படி இறங்கினால், சரி, அதற்கு என்ன அவசரமோ என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் மறுநாளும் இறங்கியது. அதற்கு மறுநாளும். மணி அடித்து, எல்லோரும் தலை குனிந்து கண் மூடி, ஜெபம் சொல்லிக் கண் திறந்தால் ஒரு படி குறைந்திருக்கும். வளைவில் நின்ற தேவதாரு மரம் ஓர் இலை உதிராமல் கோயிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கடல் தாண்டித் திரும்பிய தகைவிலான் குருவிகள் மலையுச்சியில் வெறும் ஆகாயத்தை இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழே வந்து பழைய கூடுகளைக் கண்டுபிடித்துக்கொண்டன. யாத்திரைக்காரர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். இருநூற்றுப் பதினேழு படி என்று நேர்ந்துகொண்டு வந்தவனுக்கு நூற்றைம்பது படியைக் காட்டினால் ஒத்துக்கொள்வானா? கோயிலைத் தாண்டி உச்சிவரை ஏறி, பழைய தளத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வாருங்கள் என்று மலைக்கோயிலின் பெரிய சாமியார் சொல்லிவிட்டார். அவர்களும் மூக்கால் அழுதுகொண்டே ஏறினார்கள்.

கொத்தனாருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கோயில் ஏன் இறங்குகிறது, எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் வீடு மலையடியில், முதல் படிக்கு எதிரே இருந்தது. அவர் மனைவி ஒரு காலத்தில் தினமும் மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு மேலே வருவார். கணவர் சாப்பிடும்வரை குவிமாடத்துக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு தேயத் தொடங்கியது. அதன் பிறகு மலை ஏறவில்லை. நோயாளிகளைத் தூக்கிப் போக நாற்காலியும் ஆளும் உண்டு. அதில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "கல்யாணத்தன்னைக்கு என் கால்ல ஏறிப் போனேன். போனா என் கால்லயே போறேன், இல்லன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். போன வருடம் வீட்டு வாசலைத் தாண்டக்கூட இடது காலைத் தூக்க முடியாமல் போனது. வாசல் உயரம். இடையில் ஒரு கல் போட்டால் சௌகரியமாக இருக்கும். கொத்தனார் வீட்டில் கல்லுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். அந்த வருடம் பஞ்சம்தான். வெட்டி வந்த கல்லெல்லாம் படிகளுக்கே போதவில்லை. கோயிலின் வடக்கே ஒரு பக்கவாசல் இருந்தது. கொத்தனும் தச்சனும் தவிர அதில் யாரும் நுழைவதில்லை. அதன் படிக்கல் உயரம், அகலம் எல்லாம் அளவெடுத்தது மாதிரி இருந்தது. திருவிழா முடிந்ததும் வேறு கல் வெட்டிப் போட்டுவிடலாம் என்று நினைத்து, அதை நெம்பி எடுத்து, மரச்சட்டத்தில் கட்டிச் சறுக்கிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டார். அப்புறம் இந்த வேலை, அந்த வேலை என்று மறந்தே போனார்.

கோயில் மறக்கவில்லை. வளைவுகளில் அது திரும்பும் விதத்தைப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் வடக்குப் பக்கவாசல் அவர் வீட்டைப் பார்த்தே நின்றது. வெளியே சொன்னால் வேலை போகும். அதைவிட மானம் போகும்.

வீட்டிலோ மனைவி முகத்தில் ஒரு தெளிச்சி. "ஏங்க, மணிச் சத்தம் கிட்ட வருதுங்க. நேத்து ஜன்னல் வரைக்கும் வந்துச்சு, இன்னைக்கு அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு" என்பார். வைத்தியர் வந்து பார்த்து, வெளியே அழைத்துப்போய்க் கொத்தனாரிடம் மட்டும் சொன்னார்: பனி விழத் தொடங்கும்வரை சுவரைப் பிடித்துப் பத்து எட்டு வைப்பார், அதன் பிறகு அதுவும் இருக்காது. கொத்தனார் அன்றைக்கு மிச்சமிருந்த படிகளை எண்ணினார், பனிக்கு இருந்த நாட்களையும் எண்ணினார். பனிக்குப் பத்து நாள் முன்னால் கோயில் வந்து சேரும், அவ்வளவுதான் இடைவெளி.

அதே வாரம், யாத்திரைக்காரர்களின் சண்டை தாங்காமல் கோயிலை நிறுத்த வழி கேட்டுப் பெரிய சாமியார் கூப்பிட்டனுப்பிய பொறியாளர் ஒருவர் நகரத்திலிருந்து கருவிகளோடு வந்து சேர்ந்தார். நாலு நாள் அளந்தார். நாலு நாளும் கோயில் அசையவில்லை. மனிதர் கெட்டிக்காரர், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஊரே கண் மூடியிருக்கும்போது அவர் ஒருவர்தான் நண்பகலில் கண் திறந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். "யாரும் பாக்காதப்பதான் நகருது. ஒரு ஆளு பாத்துக்கிட்டே இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு, கருவிகளைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நாற்பத்து ஐந்து படி பாக்கி இருந்தது.

பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டுமே! தாய் மடியிலிருந்தே பழகிய பழக்கம். மணி அடித்தால் இமை தானாக விழும். இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தார்கள், இரண்டு பேரும் ஜெபத்தின் முதல் வரியிலேயே கவிழ்ந்து, ஆளுக்கொரு நாளாக இரண்டு படி போனது. கடைசியில் பெரிய சாமியார் கொத்தனாரைக் கூப்பிட்டு, கல்தூசிக்கே இமைக்காத கண் உன்னுடையது, உன்னை விட்டால் நம்பிக்கையான ஆள் யார் என்று அவர் தோளில் கை வைத்தார். நம்பிக்கையான ஆள் என்ற வார்த்தை கொத்தனாரை நெருஞ்சிமுள் மாதிரிக் குத்தியது. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

பதினோரு நாள் நின்றார். மணி அடிக்கும், பள்ளத்தாக்கு முழுவதும் தலைகள் குனியும், ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவன்கூடத் தொப்பியைக் கழற்றிவிடுவான். அத்தனை பேருக்கும் நடுவில் அவர் ஒருவர் மட்டும் கண்ணை அகல விரித்து, அந்தப் பழுப்புச் சுவரையும் வட்டச் சன்னலையும் பார்த்துக்கொண்டு நிற்பார். காற்று கண்ணில் அறையும், நீர் வழியும். கோயில் அசையாது. ஆனால் அது தன்னைத் திருப்பிப் பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றும். வீட்டுக்குப் போனால் மனைவி, "மணி ஏங்க அடுப்புக்கிட்டயே நின்னுடுச்சு?" என்று கேட்பார். அவர் உளியைத் தீட்ட உட்கார்ந்துவிடுவார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கோயில் வந்த வழியே போய்விடும், தனக்கும் நிம்மதி. கடப்பாரையை எடுத்து வாசல்கல்லின் அடியில் சொருகினார். சத்தம் கேட்டு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"காலங்காத்தால கடப்பாரையும் கையுமா யாரோட சண்ட?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பக்கவாசல், திருவிழா, மறதி, பதினோரு நாள், வைத்தியர் சொன்னது வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். மனைவி அந்தக் கல்லைக் கால் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ இத்தன நாளா கோயில் படியிலயா காலு வெச்சு எறங்குனேன்?" என்றார். பிறகு, "இத பாருங்க. நான் வரச் சொல்லல. அதுவா வருது. வீடு தேடி வர்றவங்கள வழியில நிறுத்தி வெக்கிற பழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது. கடப்பாரைய உள்ள வைங்க."

அன்று நண்பகல் மணி அடித்தபோது கொத்தனார் கண்களை இறுக மூடிக்கொண்டார். நாற்பத்து இரண்டு.

பெரிய சாமியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "கண்ண மூடுனியா?"

"ஜெபம் பண்ணேன் சாமி."

நாற்பது வருடமாக ஜெபம் பண்ணு, ஜெபம் பண்ணு என்று சொன்ன வாய், இன்று ஏன் பண்ணினாய் என்று எப்படிக் கேட்கும்? கல் சமாச்சாரத்தையும் கொத்தனார் அங்கேயே ஒப்புக்கொண்டார். சாமியார் ஒரு படியில் உட்கார்ந்து, தன் இரண்டு முழங்காலையும் தடவிக்கொண்டார். "சரி விடு. எனக்கும்தான் ஏறி ஏறி முட்டி போச்சு" என்றார். மறுநாள் முதல் காவல் என்ற பேச்சையே எடுக்காமல் அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

பனி ஒரு வாரம் தாமதித்தது, கோயில் அதை முந்திக்கொண்டது. கடைசிப் படியன்று குகைத் துறவியைத் தவிரப் பள்ளத்தாக்கில் ஒருவர் பாக்கியில்லாமல் மலையடியில் கூடியிருந்தார்கள். மணி இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே அடித்த மாதிரி பாத்திரங்கள் கணகணத்தன. கொத்தனார் கண் திறந்தபோது தெருவில் வெயில் இல்லை. வாசலுக்கு நேர் எதிரே, ஒரு கை நீட்டும் தூரம்கூட இல்லாமல், அந்தப் பழுப்புச் சுவர் ஆகாயம்வரை எழுந்து நின்றது. பக்கவாசல் திறந்திருந்தது. வீட்டு வாசலுக்கும் கோயில் வாசலுக்கும் நடுவே ஒரே கல், இரண்டுக்கும் பொதுவாக, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தது. உள்ளேயிருந்து நீலமும் சிவப்புமாக வட்டச் சன்னலின் ஒளி அவர்கள் அடுப்பங்கரைத் தரையில் விழுந்து கிடந்தது.

அவர் கை கொடுக்கப் போனார். மனைவி தட்டிவிட்டார். வலது காலைக் கல்லில் வைத்தார், இடது காலை இழுத்து வைத்தார், உள்ளே இறங்கினார். சுவரைப் பிடித்து, தூணைப் பிடித்து நடந்தார்; ஒன்று, இரண்டு, மூன்று என்று கொத்தனாரின் உதடு எண்ணியது. ஒன்பதாவது எட்டில் மனைவி குவிமாடத்துக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். எண்பது அடி உயரத்தில் குருவிகள் விட்டுப்போன கூடுகள் வரிசையாக இருந்தன.

"மூணு வருஷம் நான் வரலன்னா இப்படியா ஒட்டடை புடிக்க விடுவீங்க?" என்றார். குரல் உடைந்துபோனது. அப்படியே தரையில் உட்கார்ந்து, கல்தரையைக் கையால் தடவித் தடவி அழுதார். வெளியே நின்றவர்கள் அப்போதுதான் பாட ஆரம்பித்தார்கள்.

கோயில் அதன் பிறகு எங்கும் போகவில்லை. யாத்திரைக்காரர்கள் இன்றும் இருநூற்றுப் பதினேழு படியை முழங்காலால் ஏறி, உச்சியில் வெறும் தளத்தைத் தொட்டு, இறங்கி வந்து கோயிலுக்குள் நுழைகிறார்கள். ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பனி வந்தும் அந்த ஒன்பது எட்டு மட்டும் கொத்தனாரின் மனைவிக்குக் குறையவில்லை. தெருவில் இரண்டடி வைக்க முடியாதவர், பக்கவாசல் வழியாகத் தினமும் காலையில் போய் உட்கார்ந்துவிட்டு உலை கொதிக்கும்முன் திரும்பிவிடுவார். பதினான்கு வருடம் அப்படிப் போய் வந்தார். அவர் காலமான பிறகும் கொத்தனார் படிகளைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். பக்கவாசல் கல்லில் மட்டும் இடது ஓரமாக, இழுத்து வைத்த ஒரு கால் தேய்த்த குழி இருந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், குருவிகள் வந்து குடிக்கும். அந்தக் கல்லை அவர் புரட்டவில்லை.