கல்லுக்கு நாலு காவல்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கெல்லாம் கதை நெஞ்சில் பிறக்குமாம், கனவில் பிறக்குமாம். எனக்கு வலப்பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல்லில். வறுத்த பட்டாணியோடு கூட்டணி வைத்து வந்த ஒரு பொடிக்கல்லைக் கடித்தேன், பல் பிளந்துவிட்டது.

அக்கா பல் டாக்டர். தம்பி என்பதால் ஃபீஸ் கிடையாது, பேச்சு கேட்டால் போதும். அவள் பேசுகிற முறையே தனி. முதலில் வாயைத் திறக்கச் சொல்வாள், பிறகு பஞ்சைத் திணிப்பாள், பதில் சொல்ல வழியே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஆரம்பிப்பாள்.

"மாவு மில்லுல நின்னு பாத்திருக்கியாடா? கல்லு கெட்டுப்போகக் கூடாதுன்னு எத்தன ஏற்பாடு! கம்பி வலை, காந்தம், ஸ்பிரிங், மணி. அரைக்கற கல்லுக்கு நாலு காவல். நீயும்தான் முப்பத்திரண்டு வச்சு அரைக்கற. ஒண்ணுக்காவது காவல் உண்டா?"

"ஆ" என்றேன். அது சம்மதம் இல்லை, வேறு எழுத்து வாயில் வரவில்லை.

"கதை எழுதறேன், கதை எழுதறேன்னு திரியறியே. இதப் பத்தி எழுதேன். பொறுப்பாவது வரும்."

பொறுப்பு வரவில்லை. கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: "மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காலத்தைப் போல நிற்காமல், காலத்தைப் போல எல்லாவற்றையும் பொடியாக்கி—"

அடித்துவிட்டேன். காலத்தை அரவை மில்லோடு ஒப்பிட்ட முதல் ஆள் நானில்லை. கடைசி ஆளாகவும் இருக்க வேண்டாம் என்று பட்டது.

இரண்டாம் தொடக்கம்: "அந்த மில்லின் காந்தத்தை ஒருவன் திருடினான்."

விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்காகத் திருடினான்? அவனையே உட்கார வைத்துக் கேட்டேன். "நீங்கதான சார் திருடச் சொன்னீங்க" என்று திருதிருவென்று விழித்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இனி வரமாட்டான்.

மூன்றாவது முறை அலங்காரமெல்லாம் வேண்டாம், இருப்பதைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தேன். மேலே தானியம் கொட்டுகிற தொட்டி. அதன் வாயில் கம்பி வலை: சாக்குக் கயிறு, பெரிய கல், பேச்சு சுவாரஸ்யத்தில் கொட்டுகிறவர்களின் கை, எதுவும் உள்ளே போகாமல் இருக்க. தொட்டிக்குக் கீழே சரிவான தகரப் பாதை. அந்தப் பாதையில் காந்தம். ஆணி, ஊசி வந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். அதையும் தாண்டிக் கெட்டியாக ஏதாவது வந்தால், ஒரு கல் கொஞ்சம் பின்வாங்கி வழிவிட அதன் முதுகுப் பக்கம் ஸ்பிரிங். கடைசியாக மணி. தொட்டி காலியானால் அடிக்கும். தானியம் தீர்ந்தபின் இரண்டு கல்லும் நேருக்கு நேர் உரசினால் பொறி பறக்கும், கொத்தி வைத்த வரியெல்லாம் மழுங்கிப்போகும்.

(இந்த இடத்தில் கணவன் மனைவியைப் பற்றி ஓர் உவமை வந்து வாசலில் நின்றது. உட்காரச் சொல்லவில்லை.)

3

மில்லை நடத்துகிறவள் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள், தனி ஆள். புருவத்தில் எப்போதும் மாவு. கல்லின் சத்தத்தைக் கேட்டே மாவு நைஸா கொரகொரப்பா என்று சொல்லிவிடுவாள். இரண்டு கடை தள்ளி ஒரு தையல்காரன். அவனும் தனி ஆள்தான். கதை அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கப்போகிறது.*

* இருவருமே என்னைவிட மூத்தவர்கள். 'அவர்' என்றால் எந்த அவர் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால்தான் அவன், அவள். நேரில் பார்க்கும்போது மரியாதையைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

தையல்காரன் கோதுமை டப்பாவை வெட்டுமேசைக்குக் கீழே வைத்திருந்தான். மேசையிலிருந்து விழுவதெல்லாம் அதில்தான் விழும். ஒருநாள் மில்லுக்காரி அவன் கடைக்கே வந்துவிட்டாள். உள்ளங்கையில் ஒரு குண்டூசி.

"ஏங்க, இது உங்களுதா?"

"ஆமாங்க."

"காந்தம் புடிச்சுது. கல்லுக்குள்ள போயிருந்தா? இந்தக் கல்லு போச்சுன்னா என் மில்லும் போச்சு, தெரியுமா?"

"மன்னிச்சுக்கங்க. இனிமே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. அடுத்த முறை இரண்டு ஊசி. அதற்கடுத்து ஒரு கொக்கி. பிறகு ஒரு ஊக்கு.

"உங்க கோதுமைய அரைச்சா மாவு வருதோ இல்லையோ, ஒரு சட்டை தைச்சுடலாம் போலிருக்கே!"

அவள் சிரித்தாள். தையல்காரனுக்கு அன்று முழுக்கத் தையல் நேராக ஓடவில்லை.

இங்கேதான் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம். அந்த டப்பாவுக்கு மூடி உண்டு. நானே இரண்டாம் பிரதியில் எழுதியிருக்கிறேன். "வேணும்னே போடறியாய்யா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல சார்" என்றான், சத்தியம் செய்கிறவன் பார்க்கவே கூடாத பக்கம் பார்த்துக்கொண்டு.

அவனுக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் அவள் இருக்கும் இடம் மில். மில்லில் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். அவனுடைய குரலோ ஆளுக்குப் பக்கத்தில் டேப்போடு குனிந்து இடுப்பளவு கேட்கிற குரல். "என்னைக் கட்டிக்கிறீர்களா" என்பதை மோட்டார் சத்தத்தையும் மீறிக் கத்திக் கேட்கிற தெம்பு அவன் பரம்பரைக்கே கிடையாது. தெருவில் ஒருமுறை அவளோடு சேர்ந்து நடக்க வாய்த்தது. மழை வருமா என்று கேட்டான். வராது என்றாள். அவ்வளவுதான்.

ஆகவே ஒரு திட்டம். தங்க மோதிரம் ஒன்று வாங்கினான். அதைக் கோதுமைக்குள் புதைத்துக் கொண்டுபோய்க் கொட்டுவது. காந்தம் பிடிக்கும். அவள் வழித்தெடுப்பாள். வழக்கம்போல உள்ளங்கையை நீட்டி, "ஏங்க, இது உங்களுதா?" என்று கேட்பாள்.

"இல்லங்க. உங்களுது."

ஒத்திகை பார்த்துப் பார்த்து இந்த இரண்டு சொல்லையும் பட்டன் துளை மாதிரி நேர்த்தியாக வைத்திருந்தான்.

4

இதுவரை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"தங்கம் காந்தத்துல ஒட்டாதுடா, மக்கு."

"ஒட்டாதா?"

"ஒட்டும்னா தங்கப் பல்லு வைக்கறப்ப நான் எதுக்குடா சிமெண்ட் போட்டு மல்லுக்கட்டறேன்?"

திட்டமே போச்சு. மோதிரத்தை இரும்பாக்கலாமா என்று யோசித்தேன். "இரும்பு மோதிரத்தக் குடுத்தா எவ சரிம்பா?" என்றாள் அக்கா. கதையையே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. தப்பைத் திருத்துவானேன்? தையல்காரன் தலையில் கட்டிவிட்டால் என்ன?

என் கையில் இருந்தவரை அது பிழை. அவன் கைக்குப் போனதும் கதை.

அவனுக்குப் பொருந்தவும் செய்கிறது. தையல்காரன் மேசையிலும் ஒரு காந்தம் இருக்கிறது. தரையில் எது விழுந்தாலும் அதைக் காட்டினால் போதும். ஊசி, குண்டூசி, கொக்கி எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். காணாமல் போனதைக் காந்தம் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று இத்தனை வருஷமாக நம்பி வாழ்கிறவன். தங்கத்தைத் தொலைக்கிற வசதி அவனுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை.

"சார், நீங்க பண்ண தப்புக்கு நாலு பேரு முன்னாடி நான் எதுக்கு—"

(பாத்திரங்கள் குறுக்கே பேசினால் காதில் வாங்கக் கூடாது. இடம் கொடுத்தால் அடுத்த பாராவில் சம்பளம் கேட்பார்கள்.)

5

காலை நேரம். வரிசையில் தையல்காரனுக்குப் பின்னால் அத்தை. யாருக்கு அத்தை என்று கேட்காதீர்கள், தெருவுக்கே அத்தை. மோட்டாரோடு போட்டி போட்டு ஜெயிக்கிற குரல் அந்த வட்டாரத்தில் அவருக்கு மட்டும்தான்.

தையல்காரன் டப்பாவைக் கவிழ்த்தான். கம்பி வலையில் விரல் நுழைகிற இடைவெளி; மோதிரம் பக்கவாட்டில் திரும்பிக் கோதுமையோடு கோதுமையாக இறங்கியது. முதல் காவல் முடிந்தது. மில்லுக்காரி சுவிட்சைப் போட்டாள். அவன் காந்தத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்டி, போன வாரம் மூடிக் கெடந்துச்சே? ஒடம்பு சரியில்லையா?" என்று அத்தை கத்தினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்தை! கல்லுக்குத்தான்! எவரு தானியத்துலயோ பித்தளப் பொத்தான் வந்து கோடு விழுந்துருச்சு! உக்காந்து கொத்தி எடுக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுது!"

"காந்தம் வச்சிருக்கியே, அது என்ன தூங்குச்சா?"

"காந்தம் இரும்பத்தான் அத்தை புடிக்கும்! பித்தள, வெள்ளி, தங்கம் எது வந்தாலும் போயிட்டு வாங்கன்னு விட்டுரும்!"

"ஸ்பிரிங்கு?"

"அது எல்லாம் முடிஞ்சப்புறம் முழிச்சுக்கும்!"

தையல்காரன் காதில் இரண்டு செய்தி ஒன்றாக விழுந்தன. போன வாரம் ஒரு கோட்டுக்கு வைத்த பித்தளைப் பொத்தான்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. கடை முழுக்கத் தேடினான், கோதுமை டப்பாவைத் தவிர. அது முதல் செய்தி. இரண்டாவது செய்தி இப்போது தகரப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றான். இடுப்பளவு கேட்கிற அதே குரலில்.

யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். மில்லுக்காரி காதில் கையைக் குவித்து "என்னங்க?" என்றாள். மறுபடி சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அவன் மோதிரம் போகட்டும் என்று விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இந்தக் கல்லு போச்சுன்னா என் மில்லும் போச்சு என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. வாழ்நாளில் இழுக்காத அளவு மூச்சை இழுத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அதே நேரத்தில் அவள் சுவிட்சை அடித்தாள். மோட்டார் முனகி அடங்கியது. அந்த அமைதியில்,

"உங்களுக்கு வாங்கின மோதிரம் உள்ள கெடக்குங்க!"

தெருவில் போன சைக்கிள் ஒன்று காலை ஊன்றி நின்றது.

மில்லுக்காரி [வெட்கத்தில் சிவந்தாள் — வேண்டாம், அவ்வளவு மாவுக்குள் சிவந்தால் யாருக்குத் தெரியும்] [கண் கலங்கி — இப்போதைக்கு இல்லை] வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை:

"என் கல்லு!"

தொட்டியில் மிச்சமிருந்த கோதுமையை இருவருமாக முறத்தில் அள்ளினார்கள். மோதிரம் இல்லை. தகரப் பாதையில் விளக்கடித்துப் பார்த்தார்கள். இல்லை. காந்தத்தில் ஒரே ஒரு குண்டூசி.

"இதுவும் உங்களுதுதான்" என்று எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அந்தப் பித்தளப் பொத்தானும் என்னுதுதாங்க" என்றான். சொல்லாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். நான்கூடக் கண்ணைக் காட்டினேன்.

அவள் உள்ளே போய்ப் பெரிய ஸ்பேனரை எடுத்துவந்தாள். கல்லைத் திறக்க வேண்டும், வேறு வழியில்லை.

6

பிளந்த பல்லுக்கு 'கிரவுன்' என்கிற தொப்பி வைக்க அக்காவிடம் போனபோது முடிவு இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் கல்லைத் திறக்கிறார்கள். மோதிரம் இரண்டு கல்லுக்கும் முன்னால் விளிம்பில் தொற்றிக்கொண்டு, சிராய்ப்புகூட இல்லாமல் சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். சுபம்.

இரண்டாவதில் மோதிரம் தகடாக நசுங்கிக் கல்லின் வரியோடு வரியாக மஞ்சளாய் ஈஷிக் கிடக்கிறது. கல்லும் போச்சு, கல்யாணமும் போச்சு. தையல்காரன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு—

"எது நல்லாருக்கு?" என்றேன், பஞ்சு வருவதற்குள்.

"ரெண்டும் நல்லால்ல" என்று பஞ்சைத் திணித்தாள். "மோதிரம் முழுசா இருந்தா சரி, நசுங்கியிருந்தா முடியாது. அப்படியா அவ? அப்ப பதில் சொல்றது அவ இல்லடா. கல்லுதான் சொல்லுது."

"ஆ" என்றேன். இந்த முறை அது சம்மதம்.

7

மில்லுக்காரி ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. மாவு எங்கயும் ஓடிப்போயிடாது."

"நான் அத்தைடி" என்றார் அத்தை.

"அத்தையும்தான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கெளம்புங்க. எழுதறத வெளிய நின்னு எழுதுங்க."

நான் உண்டாக்கிய மில்லிலிருந்து என்னையே வெளியே அனுப்பினாள். போனேன். ஷட்டருக்குக் கீழே நாலு கால் மட்டும் தெரிந்தது. மோட்டார் ஓடவில்லை; அதனால் எல்லாம் கேட்டது. நட்டின் மேல் ஸ்பேனர் உட்கார்ந்த சத்தம் கேட்டது. திருகிய சத்தம் கேட்கவில்லை.

"தொறக்கறதுக்கு முன்னாடி கேக்கறேன்" என்றாள். "மோதிரத்தக் காந்தத்துக்கிட்ட குடுத்தீங்க. சரி. என்கிட்ட என்ன சொல்லணும்னு இருந்தீங்க?"

'இல்லங்க, உங்களுது' இப்போது எங்கும் பொருந்தாது. அவன் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். நான் வெளியிலிருந்து ஒரு நல்ல வாக்கியம் தேடினேன். அகப்படுவதற்குள் அவனே பேசிவிட்டான்.

"நான் தினமும் வரட்டுங்களா? கோதுமை இல்லாம."

அத்தை என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது. "வரச் சொல்லுடி!"

"அத்தை, நீங்க சும்மா இருங்க. என்னத்தானே கேட்டாரு?"

அப்புறம் அவள் பதில் சொன்னாள். கத்தாமல், சாதாரணமாக. வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அதை நான் எழுதப்போவதில்லை. என்னை வெளியே நிற்கச் சொன்னவள் பேச்சை அவ்வளவாவது மதிக்க வேண்டாமா?

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பதில் சொன்னபோது நட்டு இன்னும் கழலவில்லை. மோதிரம் என்ன ஆயிற்று, கல் என்ன ஆயிற்று, அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமலே எழுதுங்கள்.

"........................................" என்றாள் மில்லுக்காரி.