தலைமுடியில் கட்டின கடை

"சேட்டோட மொதக் கடை எங்க தாத்தா தலைமயித்துல கட்டுனதுல்லா!" என்றார் கணேசபாண்டியன்.

யாரும் சிரிக்கவில்லை. தாராவி நகைப் பட்டறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது. பாலிஷ் சக்கரங்களை நிறுத்திவிட்டு ஆட்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். காலையில் எடைபோட்டுக் கொடுத்த தங்கம் சாயங்காலம் குறைந்துவிட்டது. குறைந்தது அல்தாப் மெருகேற்றிய அட்டிகையில்.

எதிர்ச்சுவரில் சேட்டின் நகை மாளிகையின் நூற்றாண்டு விழாப் போஸ்டர். இப்போதைய முதலாளி சின்ன சேட்டின் கொள்ளுத்தாத்தா ஒற்றை முத்தோடு பம்பாய்க்கு வந்து, அந்த முத்தை விற்றுக் கடை தொடங்கினாராம்.

"முத்தாவது கத்தரிக்காயாவது! பாலிஷ் பிடிக்கவன் தலையில பொன்தூசி படியும். பெரிய சேட்டு எங்க தாத்தாவுக்கு மொட்டை போட்டு, முடியை எரிச்சு தங்கம் எடுத்தாரு. அதுல கடை. கடைக்கு மேல மாடி. மாடிக்கு லிப்ட்டு!"

"சும்மா கெடயும் அண்ணாச்சி. மயித்துல தங்கம் காய்க்குமாக்கும்? ஈரக்குலை நடுங்குது எனக்கு," என்றான் அல்தாப்.

அல்தாபுக்கு மாரிசெல்வத்தின் முகம் கண்ணுக்குள் நின்றது. போன வருஷம் இதே இடத்தில் திருடன் என்று பேர் வாங்கியவன். அதன்பிறகு எந்தப் பட்டறையும் அவனை வாசலில்கூட நிற்கவிடவில்லை. இப்போது கல்யாண் சந்தையில் மூட்டை தூக்குகிறான். அல்தாபின் மனைவி சாயிராவுக்கு இது நிறைமாதம்.

தரையைக் கூட்டியாயிற்று. கைகழுவும் டிரம்மை வடிகட்டியாயிற்று. ஏப்ரன்களை எரித்துச் சாம்பலை உருக்கியாயிற்று. எடை இன்னும் சேரவில்லை. சின்ன சேட் போனை எடுத்து, போலீஸைக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

கணேசபாண்டியன் எழுந்தார். "சேட், தூசி உறிஞ்சுத மெஷின் கெட்டு எம்புட்டு நாளாச்சு? பறந்த தூசியெல்லாம் எங்க போவும்? நாங்க தேங்காயெண்ணெயில குளிக்க ஆளுக, அம்புட்டும் தலையிலதான் ஒட்டும். என் தலையையும் அல்தாப் தலையையும் வழிச்சு உருக்கிப் பாரும்!"

சின்ன சேட் ஏளனமாகச் சிரித்தாலும் நாவிதரை வரவழைத்தார். கத்தி உச்சியில் இறங்கும்போது அல்தாப் கண்ணை மூடி துஆ ஓதினான். இரண்டு பேரின் முடியும் பொசுங்கிய நாற்றம் சயான் ஸ்டேஷன்வரை போயிருக்கும். சாம்பலில் உருக்குப்பொடியான வெங்காரம் போட்டு, மூசைக் கிண்ணத்தை நெருப்பில் வைத்தார்கள்.

மூசையைக் கவிழ்த்தபோது மஞ்சளாக ஒரு மணி உருண்டது. குறைந்த எடைக்குத் தராசு சமமாக நின்றது.

அல்தாப் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு எழுந்தான். சின்ன சேட் அவன் பக்கம் திரும்பவேயில்லை. மணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மெஷின் ரிப்பேருக்குச் சொல்லியிருந்த ஆளைப் போனில் கூப்பிட்டு, வரவேண்டாம் என்றார்.

மறுமாதம் பட்டறைக்குத் தேங்காயெண்ணெய் டின் வந்தது. கம்பெனி செலவு, தாராளமாகத் தேய்த்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் எல்லோருக்கும் மொட்டை. புதிதாகச் சேர்ந்த உஸாமா இருமிக்கொண்டே கேட்டான்: "க்யா பாய், மயித்துல போய் தங்கமா? கிழவர் ரீல் விடுதாருல்லா?"

வரிசையில் முன்னால் இருந்த அல்தாப், நாவிதருக்குத் தலையைக் குனிந்து கொடுத்தான். கீழே சின்ன சேட்டின் ஆள் வெள்ளைத்துணி விரித்து, ஒரு முடிகூடச் சிதறாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நானும் நம்பலலே," என்றான் அல்தாப். "நடந்துச்சு."