ரகம் சொல்பவரின் வாய்

அந்தக் குஞ்சுக் கடையில் ரகம் சொல்பவர் ஒரு குஞ்சைக் கையிலெடுத்து என்ன ரகம் என்கிறாரோ, அது எந்த முட்டையிலிருந்து வந்திருந்தாலும் சரி, அந்த ரகமாகவே வளர்ந்தது. இதற்காக அவருக்குச் சம்பளம் எதுவும் கூட்டித் தரவில்லை. பொரிப்பகத்தில் மிஞ்சிய குஞ்சுகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டி வாரம் ஒரு கலவைப் பெட்டி வரும். முதுகில் கோடு இருக்கிறதா, காலில் மயிர் இருக்கிறதா, விரல் நாலா ஐந்தா என்று பார்த்து அவர் சொல்லச் சொல்ல, கூண்டு கூண்டாகப் பிரிப்பார்கள். ஒருமுறை கடும் ஜலதோஷத்தில், கண்ணில் நீர் வழிய, நல்ல மஞ்சளாக இருந்த ஒன்றைக் கருங்கோழி என்று சொல்லிவிட்டார். ஒரே மாதத்தில் அதன் கொண்டையும் நாக்கும் நகமும் கறுத்துப்போயின. பதறிப்போய், இல்லையில்லை, வெள்ளைக்கோழி என்று அதனிடம் நூறு தடவை சொல்லிப் பார்த்தார். முதல் சொல்தான் சொல். கோழி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வாய் உன்னுது, கோழி என்னுது. வித்தாச்சு, விடு" என்றார் முதலாளி.

பெட்டியில் எப்போதும் இரண்டு மூன்று சோனிக் குஞ்சுகள் இருக்கும். அவற்றைத் தூக்கிப் பார்த்து "இது தேறாது" என்று ஓரமாக வைப்பார். தொழிலில் அதுவும் ஒரு ரகம் மாதிரிதான். ஓரமாக வைத்த ஒன்றும் பிழைத்ததில்லை. உடம்பில் தெம்பில்லை, செத்துப்போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள், அவரும்தான்.

அவருக்கு ஒரே மகள். பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய வாரம், கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாள். காலையிலிருந்து இருநூறு குஞ்சு பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தாளை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்து, கடையில் சொல்லும் அதே குரலில், "இது தேறாது" என்றார். இவள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "ஐயையோ, யாரப் பாத்து என்ன சொல்றீங்க?"

மகள் தேர்வு எழுதினாள். எழுதிக் கொடுத்ததும் மை எழுத்தெழுத்தாக வழுக்கிக் கீழே இறங்கித் தாளின் அடியில் ஒரு கோடாகத் தேங்கிவிட்டது. மறுவருஷம் பென்சிலால் எழுதினாள். அது பொடியாக உதிர்ந்தது. திருத்தியவர்கள் நல்லவர்கள், நேரில் கூப்பிட்டுக் கேட்டார்கள், அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னாள். ஆனால் தாளில் இல்லாததற்கு மதிப்பெண் போட விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு பூஜ்யம் போட்டார்கள். இப்படியே ஆறு வருஷம். கூடப் படித்தவள் ஒருத்தி அதே பள்ளிக்கு டீச்சராக வந்து, தேர்வு அறையில் இவளுக்கே கேள்வித்தாள் கொடுத்தாள்.

அப்பனுக்கு நெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகையில், வருகையில், "தேறிடுவா, தேறிடுவா" என்று முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்று மனைவி ஒருதரம்தான் கேட்டாள். ஆறாவது தாளும் வெறுமையாக வந்த அன்று அவர் மகள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்ன வார்த்தைதாம்மா உன்னப் புடிச்சு வச்சிருக்கு."

"தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வருஷா வருஷம் போய் எழுதினே?"

"நீங்க சொன்னது ஒரு தடவையாவது தப்பாயிடாதான்னுதான்."

அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்டிகள் வந்தன, ரகம் சொல்ல ஆளில்லை. ரகம் சொல்லப்படாத குஞ்சுகள் வளரவும் இல்லை. இரண்டு மாதமாகியும் உள்ளங்கை அளவிலேயே நின்று தீவனத்தை மட்டும் தின்று தீர்த்தன. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். விஷயம் கேள்விப்பட்டு மகள் வந்தாள். இருந்ததிலேயே சோனியான ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன ரகம்மா?" என்றார் முதலாளி. "தெரியலயே. வளரட்டும், பாப்போம்" என்றாள். அது அவள் கையிலேயே ஒரு நூல் அளவு வளர்ந்தது. மற்றவையும் அப்படியே, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் வளர்ந்தன. ஒன்றுக்கு இரட்டைக் கொண்டை. ஒன்று மழைக்கு முன்னால் மட்டும் கூவும். ஒன்று சேவலா பெட்டையா என்று அதற்கே கடைசிவரை முடிவாகவில்லை. பெயரில்லாத கோழிதான் வேண்டுமென்று பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முதலாளி அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார். தேர்வுத்தாளில் அவள் எழுத்து இன்றைக்கும் நிற்பதில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசுவதுமில்லை.

அப்பா தண்ணீர்க் கிண்ணம் கழுவும் வேலைக்கு இறங்கிக்கொண்டார். ஒருநாள், எட்டு மாதம் மூடியிருந்த வாயைத் திறந்து, "நான் தேறுவேனாம்மா?" என்று கேட்டார். தேறாது என்று அவள் சொல்லிவிட்டால் சொன்னதற்குச் சொன்னது சரியாகிவிடும் என்றுதான் கேட்டார். அவள் கையிலிருந்த குஞ்சைக் கீழே விட்டுவிட்டு அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"தெரியலப்பா. பாப்போம்."

அவர் தலையாட்டிவிட்டு மிச்சக் கிண்ணங்களைக் கழுவப் போனார். ஏழு வருஷத்தில் முதல்முறையாக, அன்று மதியம் அவருக்குச் சோறு இறங்கியது.