நாலு கல் வைத்து எடுத்த டெஸ்ட்

சரக்கு மேடைக்கும் லாரியின் பின்பக்கத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. ஒரே தடவையில் பின்னால் வந்து நின்றது வண்டி. குடோனில் டிரைவர் வேலைக்கு டெஸ்ட் வைத்தவர் குனிந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். காலையிலிருந்து ஒன்பது பேர் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். ரெண்டு பேர் மேடையை இடித்தார்கள். ஒருத்தன் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்க் கம்பி வேலியை நலம் விசாரித்துவிட்டு வந்தான்.

"எங்கய்யா கத்துக்கிட்ட?"

"கல் குவாரிங்க. பத்தொம்பது வருஷம் டிப்பர். பின்னால பள்ளம், முன்னால பாறை. அங்க தப்பு பண்ணவன் திருத்திக்க மேல வரமாட்டான்."

டெஸ்ட் வைத்தவர் சிரித்துக்கொண்டே தாளில் டிக் போட்டார். "ஆபீஸ்ல லைசென்சைக் காட்டிட்டுப் போ. திங்கக்கிழமை வந்துரு."

குவாரியில் அவனுக்கு 'ரிவர்ஸ்' என்றுதான் பேர். குவாரியை மூடி எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தே உழைத்த முதுகு, மூட்டையைக் கண்டாலே முனக ஆரம்பித்துவிட்டது. ராத்திரி திரும்பிப் படுக்கப் பொண்டாட்டி கை கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ஊரே வீட்டு வாசலில் சாமான் வாங்கப் பழகிவிட்டது. டெலிவரி கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து குடோன் கட்டின. டிரைவருக்குத் தட்டுப்பாடு என்று போர்டே வைத்திருந்தார்கள். அந்த போர்டை முதலில் பார்த்தவன் பொண்டாட்டியின் தம்பி. அவனும் குவாரி டிரைவர்தான். காலையிலேயே டெஸ்டில் தேறி, ஆபீஸ் வராந்தாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாமா, அக்காவுக்குச் சொல்லிரலாமா?"

"இருடா மாப்ள, ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு."

உள்ளே ஏசி குளிர் முழங்கையைப் பிடித்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு அவன் மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். லைசென்சை வாங்கி நம்பரைத் தட்டினாள். நிறுத்தினாள். அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள்.

"சார், இந்த நம்பர் காலையிலயே ஒருத்தருக்கு ஏத்தியாச்சே. அப்ப நெட் இல்லாததால நம்பரை மட்டும் போட்டு வச்சேன்." பேரைப் படித்து வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டாள். மச்சினன் எழுந்து வந்தான்.

இரண்டு கார்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பேர் வேறு, முகம் வேறு. நம்பர் ஒன்று. கொடுத்த தேதியும் ஒன்று. ரிவர்ஸ் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தான், தடவினால் ஒன்றாவது மாறும் என்பது போல. ஒன்றும் மாறவில்லை.

"இதுல எதும்மா நிஜம்?" என்றான் மச்சினன்.

இப்போது நெட் இருந்தது. அவள் அரசாங்க லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து நம்பரைப் போட்டுத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, போட்டோவுக்காக உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும்," என்று படித்தாள் ஆபீஸ் பெண்.

மச்சினன்தான் சிரித்தான். "இந்தம்மாவா மாமா நம்ம டிப்பரை ஓட்டுச்சு?" யாரும் கூடச் சிரிக்கவில்லை. பாதியில் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

"டெஸ்ட் எங்க சார் குடுத்தீங்க?"

"குவாரிலதாம்மா. முதலாளியே ஆர்.டி.ஓ. ஆபீசர்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. காக்கி பேன்ட்டு, கையில நோட்டு. நாலு கல்லு வச்சு எட்டு போடச் சொன்னாரு." ரிவர்சுக்குத் தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "ஒருத்தனை ஃபெயில்கூட பண்ணாரும்மா. அவன் அழுதுட்டு, அடுத்த வாரம் திரும்ப எட்டு போட்டுப் பாஸானான்."

அந்த ஒருத்தன் தோற்றதால்தான் குவாரியின் மற்ற பதினோரு டிரைவர்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கார்டை வாங்கினார்கள். வாங்கியதும் அது முதலாளியின் மேஜை டிராயருக்குப் போய்விடும். லோடோடு வெளியே போகும்போது கணக்குப்பிள்ளை எடுத்துத் தருவார், திரும்பி வந்ததும் வாங்கி வைப்பார். தொலைந்துவிடும் என்று அக்கறையாம். ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் பார்க்க வழியே இல்லை. வழியில் மறித்த போலீஸ்காரர்களும் முகத்தையும் லாரியில் எழுதியிருந்த முதலாளி பேரையும் பார்த்துவிட்டுப் போ என்றார்கள். குவாரி மூடிய கடைசி நாளில் கையில் கிடைத்தபோது அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொண்டான்.

அவனுக்குக் குவாரி மலைப்பாதை நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஜல்லி லோடுக்கு மேலே கல் உடைக்கும் பெண்கள் முப்பது பேர் ஏறி உட்கார்ந்து வருவார்கள். பதினோரு வளைவு. பாட்டும் சண்டையுமாக வருவார்கள். ஏழு மாத வயிற்றோடு அவன் பொண்டாட்டியும் அங்கேதான் இருந்தாள். ஒருநாள் மழையில், ஆறாவது வளைவில் பின் டயர் மண்ணைவிட்டு இறங்கியது; இழுத்து ஏற்றிவிட்டான். இறங்கியதும் பெண்கள் திருஷ்டி கழிப்பதுபோல அவன் கன்னத்தை வழித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எண்ணாத அந்த முப்பது தலைகளை, பதினேழு வருஷம் கழித்து, இந்த ஏசி அறையில் ஒவ்வொன்றாக எண்ணினான்.

"முதல்ல இருந்து போடணும் சார்," என்றாள் பெண். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "கத்துக்கறவங்க லைசென்ஸ், அப்புறம் சின்ன வண்டி, அப்புறம்தான் பெரிய வண்டி. ரெண்டு வருஷமாவது ஆகும். திங்கக்கிழமை வேலை இப்ப முடியாது. காத்திருக்கறவங்க பட்டியல்ல வேணா பேரைச் சேர்க்கறேன்."

ஒரு படிவத்தை நகர்த்தினாள். பேர், வயசு, முகவரி எல்லாம் எழுதினான். நாலாவது கட்டம்: கனரக வாகனம் ஓட்டிய அனுபவம், ஆண்டுகளில்.

"அங்க பாத்து எழுதுங்க சார். எழுதினா, எந்த லைசென்ஸ்லன்னு மேல கேப்பாங்க."

"மாமா," என்றான் மச்சினன் காதருகே, "சைபர்னு போட்டுருவோமா?"

பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. வெளியே ஏதோ லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. ஓட்டுபவன் திருப்பத் தாமதிக்கிறான், இடது பக்கம் அதிகம் ஒடிக்கிறான். எஞ்சின் முனகலை வைத்தே அவனுக்குத் தெரிந்தது. மேடைக்கு இன்னும் நாலடி, மூன்றடி. மேஜைக்கு அடியில், வழவழத்த தரைக்கல்லின் மேல், அவனுடைய வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல, மெல்ல அழுந்தியது.