அடுத்த பதிப்பில் நீக்கப்படும்

என் வீட்டுக்காரர் சம்பளம் இல்லாமல் ஒரு மென்பொருளைக் கட்டி மேய்க்கிறார். தேதிகளைக் கணக்குப் போட்டுத் தரும் சின்ன நிரல் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், இலவசமாகத் திட்டவும் செய்யலாம்.

அதில் பழைய பாகம் ஒன்று உண்டு. லீப் வருடம் வந்தால் உளறும். அதற்குப் பதிலாக நல்லதாக ஒன்று எழுதி ஒன்பது வருடமாகிறது. ஆனாலும் பழசைத் தூக்க இவருக்கு மனசு வரவில்லை. நிரலைத் தொடங்கும்போதெல்லாம் ‘பழைய பாகம் அடுத்த பதிப்பில் நீக்கப்படும்’ என்று ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினேழு பதிப்பு வந்தாயிற்று. பழசுக்கு ஒட்டுப் போட்டே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை அந்த ஒரு நாள்தான்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலாவதியான மாத்திரையைத் தூக்கிப் போட யாரிடமும் ஓட்டுக் கேட்பதில்லை.

“எடுத்துடுங்களேன். யார் குடி முழுகப் போகுது?” என்றேன்.

“பாவம்மா, எத்தனை பேர் நம்பியிருக்காங்களோ!”

போன வாரம் ஒருவழியாக மனசைக் கல்லாக்கிக்கொண்டு நீக்கினார். இந்த ஞாயிறு வெளியே போகலாம் என்று நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அதற்குள் புகார்கள் வந்து குவிந்தன.

பழைய பாகத்தைக் கேட்டு ஒரு புகாரும் இல்லை. அதை யாருமே பயன்படுத்தவில்லையாம். எச்சரிக்கையைக் காணோம் என்றுதான் அத்தனை கூப்பாடும். அந்த வரி வந்தால்தான் நிரல் ஓடுகிறது என்று அர்த்தமாம்.

“எச்சரிக்கையை மட்டும் திருப்பி வச்சிடறேன். ரெண்டே நிமிஷம்,” என்று உட்கார்ந்தார்.

இல்லாத பாகத்தை நீக்கப்போவதாக ஓர் எச்சரிக்கை! அது போதாதென்று, மதியம்வரை உட்கார்ந்து அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினார்: ‘இந்த எச்சரிக்கை அடுத்த பதிப்பில் நீக்கப்படும்.’

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைபேசியில் அவருடைய புகார்ப் பக்கத்தைத் திறந்து நானும் ஒன்று போட்டேன்: ‘இந்தப் புருஷன் அடுத்த பதிப்பில் நீக்கப்படுவார்.’

உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது. கதவருகே வந்து நின்றார்.

“அடுத்த பதிப்பு எப்போ?”

“நாளைக்குக் காலையில, ஒன்பது மணிக்கு.”

இத்தனை வருடத்தில் ‘அடுத்த பதிப்பு’க்கு யாரும் தேதி குறித்தது அதுதான் முதல் தடவை. மனுஷன் சட்டை மாற்ற ஓடினார்.