மீதி வந்த அட்டை

"ஓரத்தையெல்லாம் விட்டுட்டியே," என்றார் வார்ரன், தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு. வாட்டிய ரொட்டியின் நடுவில் எலி கொறித்த அளவுதான் குறைந்திருந்தது.

கெயில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி, சன்னலோரம் இருந்த மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"ஒம்பதேகால்."

"பத்து மணிக்குப் பிள்ளைங்க கல்லறைத் தோட்டத்துக்கு வந்துடுவாங்க. அட்டை இல்லாம அந்தப் புது டீச்சர் திண்டாடிப் போவா. கொண்டுபோய்க் குடு."

"உன்னை இப்படி விட்டுட்டா?"

"ஐரீன் இருக்காள்ல." நர்ஸ் ஐரீன் உள்ளே மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "இருபத்திரெண்டு அட்டை இருக்கு. பிள்ளைங்க இருபத்தொண்ணுதான். மீதி வர்றதை நீ படி. குடுத்துட்டு ஓடி வந்துடாதே."

மூன்று நாளாக அவள் இவ்வளவு பேசியதில்லை. தட்டைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

மாசச்சூசெட்ஸின் அந்தச் சின்ன ஊரில் மூன்றாம் வகுப்பு படித்த எவருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். அமெரிக்கா என்றொரு நாடு உருவாவதற்கு முன்னே செத்துப்போன ஊர்க்காரர்கள் அதில் அட்டைகளாக இருந்தார்கள். அக்டோபர் வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லின் பின்னால் நின்று, "நான்தான் ஐசக் கோல், தோல் பதனிடுபவன், அம்மையில் இறந்தேன்" என்று செத்தவரின் வாயாகப் பேசுவார்கள். மற்றவர்கள் ஒரே குரலில் "கேட்டோம்" என்பார்கள். இருபத்தாறு வருடமாகக் கெயில் நடத்திய சரித்திரப் பாடம் அது. அவளிடம் ஒரே சட்டம்தான்: கல்லிலும் ஊர்ப் பதிவேட்டிலும் இல்லாததை ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. ஐசக் கோலுக்கு யாராவது பாசத்தில் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தால், சிவப்பு மையால் அடித்துவிடுவாள்.

வார்ரன் அங்கே ஒருநாளும் போனதில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் அவர்கள் மகள் டெஸ் எட்டு வயதில் இறந்தாள். ஒரே மாதத்தில் கெயில் துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள். அதன்பின் வீட்டில் அந்தப் பேரையே அவள் எடுக்கவில்லை. அந்த அக்டோபரில், பிள்ளைகளைக் கல்லுக்குப் பின்னால் நிறுத்தப் போனவளைப் பார்த்து, "நீ கல்நெஞ்சுக்காரி" என்று சொல்லிவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

தோட்டத்தில் மேப்பிள் மரச் சருகு கணுக்கால் வரை கிடந்தது. புது டீச்சர் மிஸ் டுவார்ட்டே அட்டைகளை வாரி வழங்கினாள். கையில் ஒன்று மிஞ்சியது.

"இது யாருக்கு?"

"அது மெர்சி வீக்ஸோடது, மிஸ்," என்றாள் ஜோசலின் என்ற வாயாடி. "அதைக் கெயில் டீச்சர் யாருக்கும் தரமாட்டாங்களாம். அவங்களேதான் சொல்வாங்களாம். எங்க அண்ணன் சொன்னான்."

வார்ரன் அட்டையை வாங்கிக்கொண்டு மெர்சியின் பெயர் இருந்த ஒரு சின்னக் கல்லின் பின்னால் போய் நின்றார். கெயிலின் கையெழுத்து.

"என் பெயர் மெர்சி வீக்ஸ். 1747இல், எட்டு வயதில் இறந்தேன். ரொட்டி ஓரம் எனக்குப் பிடிக்காது. தின்றுவிட்டேன் என்று சொல்லிப் பையில் ஒளித்து வைப்பேன். இடி இடித்தால் மேசைக்கு அடியில் போய் எண்ணுவேன். முன்பல் விழுந்த சந்து வழியாக விசில் அடிப்பேன். அது என்ன பாட்டு என்று..." அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்."

ஜோசலின் குனிந்து கல்லை ஒருமுறை படித்தாள். "இதெல்லாம் இதுல இல்லையே சார்? இல்லாததைச் சொல்லக் கூடாதுன்னு கெயில் டீச்சர்தானே சொன்னாங்க?"

"இல்லாதது இல்லம்மா. நடந்ததுதான். எனக்குத் தெரியும்."

ஜோசலின் கல்லை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு அந்த வாயாடியே ஆரம்பித்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "கேட்டோம்."

வண்டியை அவர் அப்படி விரட்டியதே இல்லை. அவளிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாக வீட்டில் ஊமையாக இருந்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை ஊரான் கல்லுக்குப் பின்னால் நின்று மகளைப் பேசவைத்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன பாவி நான், மன்னித்துவிடு. அவ்வளவுதான்.

வாசற்படியில் ஐரீன் குளிரில் கோட்டுகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றார்.

"பத்தேகால் இருக்கும். கஷ்டப்படல. 'வார்ரன் படிச்சுட்டானா?'ன்னு கேட்டாங்க. 'படிச்சிருப்பாரு'ன்னு சொன்னேன்."

அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அதில் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.

ஐரீன் மெதுவாகத் தட்டை எடுத்தாள். "இதைக் கொட்டிடட்டுமா?"

"வேணாம், இங்க குடு."

ரொட்டி ஓரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.