டெல்மர் மருந்து கூட்டிய தோட்டாக்கள்

அமெரிக்காவின் வயோமிங்கில், காலித் தோட்டாக் கூட்டில் வீட்டிலேயே வெடிமருந்து நிறைத்துக்கொள்ளும் ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நாலு பேரும் மற்ற மூவரை முட்டாள் என்பார்கள். டெல்மர் அதைச் சற்று உரக்கவே சொல்வான்.

ஜனவரியில், மூக்கு நுனி உறையும் குளிரில், ஒரு புது அளவில் வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்தான். அருமையாக இருந்தது. சும்மா இருந்த கை அரித்தது. இன்னும் துளி கூட்டினான். அதுவும் அருமை. அதே அளவில் நாற்பது நிறைத்து, பாதியை அக்கா லவோனுக்குக் கொடுத்தான். இருவர் துப்பாக்கியும் ஒரே மாதிரிதான்.

செப்டம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள், கொளுத்தும் வெயிலில் ஜல்லிக் குழியில் வைத்துச் சுட்டான். முதல் தோட்டாவுக்கே, குழாயின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் திறக்காமல் முரண்டு பிடித்தது. மூன்றாவதுக்கு உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் திறக்க முடிந்தது.

"அழுக்கா இருக்கும்," என்றான்.

கூட வந்திருந்த மனைவி ட்ரூடி சுட்டு விழுந்த காலிக் கூட்டைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தாள். "அழுக்கா? மருந்தப் பத்த வைக்கிற பிரைமர் மூடி பான்கேக் மாதிரி தட்டையாயிருக்கு. அடியில பளபளன்னு தழும்பு வேற. வெயில்ல அழுத்தம் ஏறும்னு கராஜ் சுவத்துல எழுதி ஒட்டினது யாரு, நானா?"

ஒட்டியவன் அவன்தான். இதற்கு மேல் அழுத்தம் ஏறினால் கூடு கிழிந்து நெருப்பு பின்பக்கமாகப் பாயும். அங்கே லவோனின் கண் இருக்கும்.

"அக்காகிட்டப் போய் எப்படிச் சொல்றது? ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாளே!"

"கண்ணு போயிட்டா அப்புறம் அழுதுக்கிட்டே கேளு. வண்டிய எடு."

லவோன் வீட்டுக்குப் போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. நேரில் போனபோது லவோன் சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் வலது கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வருஷமாக ஒரு வேட்டையும் தவறவிடாதவள்.

"நாளைக்கு நீங்க மட்டும் போங்கடா," என்றாள். "நான் வரல. இனிமே வரவும் போறதில்ல."

அவன் காதில் அது ஏறவே இல்லை. "அக்கா, அந்தத் தோட்டாவைக் குடு. மருந்து அதிகமாப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்தான். விழவில்லை.

"அதனாலதான் போல்ட் திறக்கலையா?"

"ஐயோ, சுட்டியா?"

"நேத்து ரெண்டு. ரெண்டாவது திறக்கவே இல்ல. சுத்தியலால தட்டினேன்." வெந்நீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரித்தாள். "கையில பலம் போச்சுன்னு நினைச்சேன்டா. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்னு... நிஜமாவே தோட்டாதானா?"

"சத்தியமா. என்னாலயே ஓங்கித் தட்டாம திறக்க முடியல."

லவோன் கையை வெளியே எடுத்தாள். துண்டில் நிதானமாகத் துடைத்தாள். அப்புறம் அதே கையால் அவன் பிடரியில் ஒன்று வைத்தாள். ட்ரூடியே ஓரடி பின்வாங்கினாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நல்லாவா?"

"ரொம்ப நல்லா வலிச்சுதுக்கா," என்றான் டெல்மர். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.